தங்கச்சி சிலம்பம் சுத்துறதைத் தானாத் திரும்பிப் படம் பிடிக்கிற கேமரா: பாதியில நிக்குது, வழி சொல்லுங்க

மாடிக்கம்பு (தண்டையார்பேட்டை), சனி இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடிச்சு துறைமுகம் பக்கம் வேலை பாக்குறேன். தங்கச்சி பிளஸ் ஒன் படிக்கிறா, நாலு வருஷமா சிலம்பம் கத்துக்கிறா. ஆசான் எண்ணூர்ல இருக்கார், ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வர முடியும். மத்த ஆறு நாளும் மொட்டை மாடியில தனியாத்தான் பழகுறா. "அவ கை எனக்குத் தெரியும், கால்தான் தெரியல. வார நாள்ல எப்படிக் கால் சுவடு வெக்கிறான்னு பாத்தேன்னா ஒரு ஞாயிறுல நாலு ஞாயிறு வேலை நடக்கும்"னு ஆசான் சொன்னார். அதுல ஆரம்பிச்சதுதான் இது.

மாடி நீளம் 40 அடி, அகலம் 20 அடி. நீளவாக்குல முன்னேறி, திரும்பி, பின்னேறி ஆடுவா. போனைச் சுவத்துல சாச்சு வெச்சா பத்து நொடியில படத்தைத் தாண்டிப் போயிடுறா. அதனால அவ போற பக்கம் தானாத் திரும்புற தலை ஒண்ணு செஞ்சேன்.

இதுவரைக்கும் செஞ்சது: ராஸ்பெரி பை 4ன்னு உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு, அதுக்குன்னே வர்ற சின்ன கேமரா, சொன்ன கோணத்துக்குத் திரும்புற எம்ஜி996ஆர் சர்வோ மோட்டார் ரெண்டு, ஓப்பன்சிவின்னு படத்தை அலசுற இலவச மென்பொருள்ல முகம் கண்டுபிடிக்கிற பழைய ஹார் முறை. ரிச்சி தெருவுல வாங்கின சாமான். முகம் நடுவுல இருந்து எவ்வளவு விலகியிருக்கோ அவ்வளவு சர்வோ திரும்பணும், கணக்கு அவ்வளவுதான்.

பிரச்சினை மூணு. அவ முதுகைக் காட்டித் திரும்பினதும் தலை நின்னுடுது. நேரா நின்னாலும் தலை இடமும் வலமும் ஆடிக்கிட்டே இருக்கு. முகம் வேணாம்னு அசைவைத் தேடுற முறைக்கு மாத்தினா கம்பு நுனியைத் துரத்துது, இல்லன்னா கொடியில காயுற துணியைத் துரத்துது. ஒரு மாசம் ஆச்சு. இதைக் கைவிட மனசு வரல.


விசைப்படகு (காசிமேடு), சனி இரவு 10.15

தம்பி, தலை இடமும் வலமும் ஆடுற அந்த ஆட்டம் எனக்கு நல்லாத் தெரியும். போட்டுல புதுசா சுக்கான் பிடிக்கிற பையன் இதைத்தான் செய்வான். திருப்பினதும் படகு உடனே திரும்பாது. திரும்பலையேன்னு இன்னும் திருப்புவான். அப்புறம் ரொம்பத் திரும்பிடுச்சுன்னு எதிர்ப்பக்கம் ஒடிப்பான். பின்னாடி தண்ணியில பாம்பு போன மாதிரி கோடு விழும். உன் சர்வோவும் அதான் பண்ணுது. படம் எடுத்து, கணக்கு போட்டு, திருப்புறதுக்குள்ள எவ்வளவு நேரம் போகுதுன்னு அளந்து சொல்லு.

இன்னொண்ணு, சர்வோவுக்குக் கரண்டு எங்கேயிருந்து குடுக்குற? பை போர்டுல இருந்தேன்னா உடனே நிறுத்து. எம்ஜி996ஆர் மாட்டிக்கிட்டு நின்னா ஒண்ணே ரெண்டரை ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். தனி சப்ளை குடு, ரெண்டு கிரவுண்டையும் சேத்துடு, சர்வோ பக்கத்துல 1000 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு போடு.


மாடிக்கம்பு, ஞாயிறு காலை 7.05

போர்டுல இருந்துதான் குடுத்திருந்தேன் அண்ணே. திரையில அடிக்கடி மின்னல் குறி வந்துச்சு, கரண்டு பத்தலைன்னு அர்த்தமாம், தெரியாம விட்டுட்டேன். மாத்திட்டேன், மின்னல் போயிடுச்சு. தாமதம் அளந்தேன்: 0.15 நொடி. ஆட்டம் குறைஞ்சிருக்கு, நிக்கல.


பழைய ரேடியோ (பெரம்பூர்), ஞாயிறு காலை 8.30

தம்பிக்கு வணக்கம். நாற்பது வருடம் ரேடியோ, டேப்ரெக்கார்டர், டிவி என்று பழுது பார்த்தவன். எண்களை வைத்துப் பேசுவோம்.

தங்கை விரைந்து நகரும்போது நொடிக்கு 2 மீட்டர் என்று வையுங்கள். கேமரா அவருக்கு 7 அடி தள்ளி இருந்தால், அதாவது சுமார் 2.1 மீட்டர், தலை நொடிக்கு ஏறத்தாழ 55 டிகிரி திரும்ப வேண்டும். அதையே எதிர்க் கைப்பிடிச் சுவருக்குக் கொண்டுபோய் 14 அடியில் வைத்தால் 27 டிகிரி போதும். வேகம் பாதியாகிவிட்டது, ஒரு பைசா செலவில்லை. 0.15 நொடி தாமதத்தில் முதல் இடத்தில் 8 டிகிரி பின்தங்குவீர்கள், இரண்டாவதில் 4. எனவே முதல் வேலை பின்னால் போவது.

இரண்டாவது, நடுவில் ஓர் அமைதிப் பகுதி விடுங்கள். படத்தின் அகலத்தை நான்காகப் பிரித்து, நடுவில் ஒரு பங்கு அளவுக்குள் அவர் இருக்கும்வரை மோட்டார் அசையவே கூடாது. அதைத் தாண்டினால் மெதுவாகக் கிளம்பி, வேகம் பிடித்து, மெதுவாக நிற்கட்டும். ஒவ்வோர் அங்குலத்துக்கும் பின்னால் ஓடுகிற கேமராவில் எடுத்த படத்தை ஐந்து நிமிடம் பார்த்தால் தலை சுற்றும். கால் பெயர்வதைப் பார்க்க வேண்டும் என்றால் தரை அசையாமல் நிற்க வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன்.


நிரல்மொழி (மாதவரம்), ஞாயிறு மதியம் 1.20

முகத்தை விட்டுடுங்க. நீங்க சொல்ற ஹார் முறை வயோலா, ஜோன்ஸ் ரெண்டு பேரும் 2001ல வெளியிட்டது. நேரா பாக்குற முகத்துக்கு இன்னிக்கும் வேகமா வேலை செய்யும். சிலம்பத்துல பாதி நேரம் முதுகுதான் தெரியும், அங்க அது என்ன பண்ணும்?

கூகுளோட மீடியாபைப்புங்கிற இலவச மென்பொருள்ல, படத்தைப் பாத்து உடல் நிலை கண்டுபிடிக்கிற மாடல் இருக்கு. உடம்புல 33 புள்ளி குடுக்கும். அதுல 23, 24ம் எண் ரெண்டு இடுப்பு. ரெண்டுக்கும் நடுப்புள்ளியை மட்டும் பின்தொடருங்க. கை எப்படிச் சுத்தினாலும், தலை எங்க திரும்பினாலும் இடுப்பு அமைதியாத்தான் நகரும். கம்பு அதுக்கு உடம்பே இல்ல, அதனால நுனியைத் துரத்தாது. கொடியில தொங்குற சட்டையையும் சட்டை பண்ணாது.

ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கங்க. அந்த மாடல் முதல் தடவை ஆளைப் பிடிக்க முகத்தைத்தான் பெரிய துணையா எடுத்துக்கும். ஒருதடவை பிடிச்சுட்டா, முந்தின ஃபிரேம்ல ஆள் இருந்த இடத்தை வெச்சே அடுத்ததைத் தேடும். ஆரம்பத்துல கேமராவைப் பாத்து நின்னா நல்லா ஒட்டிக்கும், அப்புறம் திரும்பினாலும் விடாது.


மாடிக்கம்பு, ஞாயிறு இரவு 8.50

அக்கா, இதைப் படிச்சதும் உடம்பு சிலிர்த்துச்சு. சிலம்பம் ஆரம்பிக்கிறதே வணக்க நிலையிலதான். நேரா நின்னு, கம்பைப் பிடிச்சு, தரையைத் தொட்டு வணங்கிட்டுத்தான் முதல் சுவடு. சாக்பீஸ்ல ஒரு வட்டம் போட்டு, கேமராவைப் பாத்து அங்க வணங்கச் சொன்னேன். பிடிச்சுக்கிச்சு. முதுகு காட்டி முழுசா ஒரு சுத்து சுத்தினா, விடல.

கேமராவை 14 அடிக்குத் தள்ளியாச்சு ஐயா. ஆனா இப்ப நொடிக்கு ஒம்பது தடவைதான் கணக்கு ஓடுது. அவ சட்டுனு திசை மாத்துனா தலை இன்னும் ஒருதடவை தாண்டிப் போயிட்டுத் திரும்பி வருது.


கரைமணல் (எண்ணூர்), திங்கள் காலை 6.40

தப்பா எடுத்துக்காதீங்க, இவ்வளவு எதுக்கு? ஆளைப் பின்தொடர்ந்து போனைத் திருப்புற கைப்பிடி, கிம்பல்னு சொல்வாங்க, கடையிலேயே கிடைக்குதே. ஐபோன் வெச்சிருக்கவங்களுக்கு 2023லயே ஆப்பிள் டாக்கிட்னு குடுத்துட்டாங்க, ஸ்டாண்டு தானாத் திரும்பும். அதுவும் வேணாம்னா அகல லென்ஸ்ல மொத்த மாடியையும் எடுத்து, அப்புறம் ஆள் இருக்கிற இடத்தை மட்டும் வெட்டிக்கலாம். மோட்டாரே தேவையில்ல.


மாடிக்கம்பு, திங்கள் இரவு 9.10

வெட்டிப் பாத்துட்டேன் அண்ணே. நல்ல யோசனைதான், 4கே அகலமா எடுக்கிற போன் இருந்தா நானே அதைத்தான் சொல்வேன். என் போன் அகல லென்ஸ்ல 1080தான் தரும். மாடியோட எதிர்ப்பக்கம் அவ நிக்கிறப்ப ஒரு பாதம் சுமார் 60 பிக்சல். சாயந்திர வெளிச்சத்துல குதிகால் தரையில இருக்கா தூக்கியிருக்கான்னு சொல்ல முடியல. சாதா லென்ஸ்ல ரெண்டு மடங்கு ஜூம் வெச்சுத் திருப்பினா அதே பாதம் 170 பிக்சலுக்கு மேல வருது. ஆசானுக்கு வேண்டியது அந்தக் குதிகால்.

கிம்பல் ஒண்ணு நண்பர்கிட்ட இரவல் வாங்கிப் பாத்தேன். நல்லாத் திரும்புச்சு. ஆனா முகத்தையும் நெஞ்சையும் நடுவுல வெச்சு, காலைப் படத்துக்குக் கீழ தள்ளிடுச்சு. நான் செய்யுற தலைன்னா நான் சொல்ற புள்ளியைத்தான் அது பாக்கணும், அதனாலதான் செஞ்சுக்கிட்டிருக்கேன்.


பழைய ரேடியோ, திங்கள் இரவு 10.30

நேற்றிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் அமைப்பில் அடிப்படையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது தம்பி. பார்க்கிற கண்ணும் திரும்புகிற தலையும் ஒன்றாக இருக்கின்றன. தலை திரும்பினால் கண் பார்க்கும் காட்சி மாறுகிறது, காட்சி மாறினால் மறுபடி தலை திரும்புகிறது. அந்தச் சுழற்சிக்குள் 0.15 நொடி தாமதம் உட்கார்ந்திருக்கிறது. ஆட்டம் அங்கே பிறக்கிறது. எண்களைத் திருகிக் குறைக்கலாம், வேரோடு போகாது.

கண்ணைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். பை கேமராவை அசையாமல் கீழே பொருத்துங்கள். மூன்றாம் பதிப்பில் அகலக் கோணம் ஒன்று வருகிறது, கிடைமட்டத்தில் 102 டிகிரி பார்க்கும். 14 அடி தூரத்தில் அது சுமார் 35 அடி நீளத்தைப் பார்த்துவிடும். தங்கை எந்தக் கோணத்தில் நிற்கிறார் என்பதை மட்டும் அந்தக் கண் சொல்லட்டும். போன் மேலே, திரும்புகிற தட்டில். தட்டு அந்தக் கோணத்துக்குப் போனால் போதும். தட்டு எப்படித் திரும்பினாலும் கண் பார்க்கும் காட்சி மாறாது, எனவே ஆட்டத்துக்கு வழியே இல்லை. தாமதம் இருக்கும், படம் சற்றுப் பின்தங்கும், அவ்வளவுதான். அதை உங்கள் அமைதிப் பகுதி விழுங்கிவிடும்.

ஒரே நிபந்தனை: கண்ணின் லென்ஸ் தட்டு சுழலும் அச்சுக்கு நேர் கீழே இருக்க வேண்டும். ஓரமாக வைத்தால் அவர் பக்கத்தில் வரும்போது ஒரு கோணம், தூரத்தில் இருக்கும்போது இன்னொரு கோணம் என்று பொய் சொல்லும்.


விசைப்படகு, செவ்வாய் காலை 5.20

ஐயா, அருமை. கண்ணு கரையில, சுக்கான் படகுல. இப்ப பாம்பு கோடு எப்படி விழும்?


பட்டறைக்காரன் (கொருக்குப்பேட்டை), செவ்வாய் இரவு 9.00

அப்படின்னா சர்வோவைத் தூக்கிப் போட்டுடு தம்பி. அது அரை டிகிரி, அரை டிகிரியா துள்ளும், ரெண்டு மடங்கு ஜூம்ல அந்தத் துள்ளல் அப்படியே தெரியும். சத்தமும் போடும். நேமா 17 ஸ்டெப்பர் வாங்கு, அது படிப்படியாத் திரும்புற மோட்டார். ஒரு சுத்துக்கு 200 படி. மோட்டாரை ஓட்டுற டிஎம்சி2209 டிரைவர் போர்டு போட்டு ஒவ்வொரு படியையும் பதினாறாப் பிரி, 3200 ஆச்சு. மோட்டார்ல 20 பல் புல்லி, தட்டுல 100 பல் புல்லி, நடுவுல பெல்ட். தட்டு ஒரு சுத்துக்கு 16,000 படி. ஒரு டிகிரிக்கு 44 படிக்கு மேல வருது. கண்ணுக்கு வழுக்கிக்கிட்டுப் போற மாதிரிதான் இருக்கும். அந்த டிரைவர்ல மோட்டார் சத்தமும் கேக்காது.

தட்டுக்கு நடுவுல 608 பேரிங் ரெண்டு, மேல ஒண்ணு கீழ ஒண்ணு. ஒண்ணு மட்டும் போட்டா தட்டு தலையாட்டும். 608க்கு உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லி. 8 மில்லி போல்ட்டு நேரா உள்ள போயிடும். லேத்துல கூடு கடையணும்னா சனிக்கிழமை வா, அலுமினியத் துண்டு என்கிட்டயே கிடக்கு. காசு பத்திப் பேச வேணாம், என் பொண்ணும் கம்பு பிடிக்கிறவதான்.


மல்லிப்பந்தல் (ராயபுரம்), புதன் காலை 11.15

தம்பி, நான் தொழில்நுட்பம் தெரிஞ்சவ இல்ல. ஒரு அக்காவா ஒண்ணு கேக்குறேன். நம்ம பக்கத்து வீடெல்லாம் மாடிக்கு மாடி ஒட்டிக்கிட்டு இருக்கு. சாயந்திரம் வடகம் எடுக்க, துணி எடுக்க, தலை காய வைக்கப் பொண்ணுங்க மாடிக்கு வருவாங்க. உங்க கேமரா தானாத் திரும்புதுன்னா அவங்களையும் படம் பிடிக்குமே? உங்க தங்கச்சி படமும் எங்க போய்ச் சேருது? வயசுப் பொண்ணு. இதையும் முன்னாடியே யோசிச்சுட்டுச் செய்யுங்க.


மாடிக்கம்பு, புதன் இரவு 9.45

அக்கா, இதை நான் யோசிக்கவே இல்ல. கேட்டதுக்கு நன்றி. இன்னிக்குச் சாயந்திரம் அம்மாகிட்டயும் தங்கச்சிகிட்டயும் உக்காந்து பேசினேன். வலது பக்கம் அடுத்த வீட்டு மாடி படத்துல விழுது. அதனால தட்டு அந்தப் பக்கம் ஒரு அளவுக்கு மேல போகவே கூடாதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். புரோகிராம்ல மட்டும் சொன்னா போதாது, தட்டுல ஒரு ஆணி அடிச்சுத் தடுத்துடுறேன். அவ அந்த ஓரத்துக்கு ஆட மாட்டா, வட்டத்தை இடது பக்கம் தள்ளிப் போட்டுக்கிறோம். ரெண்டு பக்கத்து வீட்டுலயும் சொல்லிட்டேன். பை கண்ணு எதையும் சேமிக்காது, கோணத்தைக் கணக்குப் போட்டுட்டுப் படத்தை விட்டுடும். போன்ல எடுக்கிறது தங்கச்சி கையில இருக்கும், ஆசான் ஞாயிறு நேர்ல வந்து அதுலயே பாப்பார். யாருக்கும் அனுப்புறதில்ல. தங்கச்சி சொன்னது அதுதான்.


நெடுங்கம்பு (திருவொற்றியூர்), வியாழன் இரவு 7.30

இருபது வருஷமா கம்பு சுத்துறவன், படம் எடுக்கிறதுல எனக்கு ஒரு கஷ்டம் உண்டு. சுத்தும்போது கம்பு படத்துல விசிறி மாதிரி மங்கிடுது, சில நேரம் வில்லு மாதிரி வளைஞ்சு தெரியுது. இதுக்கு ஏதாவது செய்ய முடியுமா?


பழைய ரேடியோ, வியாழன் இரவு 9.15

வளைவது போன் கேமரா படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால். முதல் வரி படித்த நேரத்துக்கும் கடைசி வரிக்கும் இடையில் கம்பு நகர்ந்துவிடுகிறது.

மங்கல் ஷட்டரால், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஒளியை வாங்கும் நேரத்தால். ஐந்தடிக் கம்பை நடுவில் பிடித்து நொடிக்கு மூன்று சுற்று சுற்றினால் நுனி நொடிக்கு 14 மீட்டர் போகும். ஷட்டர் ஒரு நொடியில் 60ல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் நுனி 23 சென்டிமீட்டர் இழுபடும். 500ல் ஒன்று வைத்தால் 3 சென்டிமீட்டருக்குள் அடங்கும். ஆனால் அதற்கு நல்ல வெயில் வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் அப்படி வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். விளக்கில் எடுத்தால் 100ல் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரம் வைக்காதீர்கள். ஆசானுக்குக் கால்தானே முக்கியம், ஊன்றிய கால் அந்த ஷட்டரிலும் தெளிவாக விழும்.


மாடிக்கம்பு, அடுத்த வாரம் ஞாயிறு இரவு 10.05

செஞ்சாச்சு. பொறுமையா எழுதுறேன்.

போன வாரம் சனிக்கிழமை பட்டறை அண்ணன்கிட்ட மூணு மணி நேரம். கூடு கடைஞ்சு, பேரிங் ரெண்டும் அடிச்சு, தட்டு மாட்டிக் கையில குடுத்தார். கையால சுத்தி விட்டா ரொம்ப நேரம் சத்தமில்லாம சுத்துது. கண்ணை அச்சுக்கு நேர் கீழ வெச்சேன்.

முதல்ல கண்ணுக்கு அவ கிடைக்கவே இல்ல. அகல லென்ஸ்ல அவ ரொம்பச் சின்னதாத் தெரியுறா, மொத்தப் படத்தையும் குடுத்தா மாடல் கோட்டை விடுது. நிரல்மொழி அக்கா தனியா சொல்லிக் குடுத்தாங்க: முழுப் படத்தையும் குடுக்காத, அவ கடைசியா இருந்த இடத்தைச் சுத்தி ஒரு சதுரம் வெட்டிக் குடு. ஆரம்பத்துல எங்க வெட்டுறது? வணக்க வட்டத்துலதான். அவ நிக்கிற இடம் தெரியும், கேமராவைப் பாத்து நிப்பா. அங்க பிடிச்சு, அதுக்கப்புறம் சதுரம் அவகூடவே போகுது. தவற விட்டா ரெண்டு நொடி அசையாம நிக்கும். அப்பவும் கிடைக்கலன்னா வட்டத்துக்குத் திரும்பி வந்து காத்திருக்கும். அவளும் வட்டத்துக்கு வந்து கேமராவைப் பாத்து நின்னா போதும்.

கண்ணையும் தட்டையும் பொருத்த, தரையில ரெண்டடிக்கு ஒரு சாக்பீஸ் கோடு, மொத்தம் 17. தங்கச்சி ஒவ்வொரு கோட்டுலயும் நின்னா, நான் தட்டைக் கையால திருப்பிப் போன் படத்து நடுவுல அவளைக் கொண்டு வந்து, கண்ணுல எத்தனாவது பிக்சல், தட்டு எத்தனாவது படின்னு நோட்டுல எழுதினேன். நடுவுல விழுற இடத்தைப் புரோகிராம் ரெண்டு கோட்டுக்கும் இடையில பங்கு போட்டுக்குது. லென்ஸ் ஓரத்துல வளைஞ்சு காட்டுறதும் இதுலயே சரியாயிடுச்சு.

தலை இடமும் வலமும் ஆடுறது இப்ப சுத்தமா இல்ல. ஒண்ணுகூட இல்ல. ஐயா சொன்ன மாதிரி அவ நடுவுல சின்னச் சின்னதா அசையறப்ப படம் கல்லு மாதிரி நிக்குது. முன்னேறிப் போனா மெதுவாக் கூடப் போகுது.

இன்னிக்குக் காலையில ஆசான் வந்தார். மாடிப்படியில உக்காந்து போனைக் கையில வாங்கி, நாலு நாள் படத்தையும் மெதுவா ஓட்டி ஓட்டிப் பாத்தார். முதல் ரெண்டு நாள் ஒண்ணும் சொல்லல. மூணாவது நாள்ல நிறுத்தி, "இங்க பாரு"ன்னார். வலப்பக்கம் திரும்புறப்ப, முன்கால் ஊன்றதுக்கு முன்னாடியே பின்கால் குதி கிளம்பிடுது. அதுவும் முதல் பத்து நிமிஷம் வர்றதில்ல, களைச்ச அப்புறம்தான் வருது. ஞாயிறு அவர் முன்னாடி களைக்கிற வரைக்கும் அவ ஆடினதே இல்ல, அதான் அவருக்குத் தெரியாம இருந்திருக்கு. தங்கச்சி அந்த இடத்தை மட்டும் எட்டு தடவை பாத்தா. அப்புறம் கம்பை வெச்சுட்டு, வெறுங்கையோட அந்தத் திருப்பத்தை மட்டும் மதியம் வரைக்கும் போட்டா.


நெடுங்கம்பு, ஞாயிறு இரவு 10.40

களைப்புல கிளம்புற குதி! இது எங்க ஆசான் சாகுற வரைக்கும் என்கிட்ட கத்திக்கிட்டிருந்த விஷயம் தம்பி. வெறுங்கையோட போடச் சொன்னது சரியான வழி. ஒரு வாரம் கம்பைத் தொட வேணாம்னு சொல்லு.


விசைப்படகு, திங்கள் காலை 5.00

சந்தோஷம் தம்பி. இப்ப உப்புக் காத்தைப் பத்திக் கொஞ்சம். கடல் உங்க வீட்டுக்கு ரொம்பத் தூரமில்ல. பின்னு பின்னா சொருகுற கனெக்டர் எல்லாம் ஆறு மாசத்துல பச்சை பூக்கும், அப்புறம் காரணமே தெரியாம நின்னு நின்னு ஓடும். முடிஞ்ச இடத்துல ஈயம் வெச்சு ஒட்டிடு. போர்டு மேல நிறமில்லாத நகப்பூச்சு ரெண்டு கோட் அடி, பொருத்துற வாய்லயும் கேமராவுலயும் படாம. லென்ஸை வாரம் ஒருதடவை நல்ல தண்ணி தொட்ட துணியால ஒத்தி எடு, தேய்க்காத, உப்பு கீறும். பேரிங்குக்கு கிரீஸ்.


பட்டறைக்காரன், திங்கள் இரவு 8.20

பெல்ட் இழுவை எப்படி இருக்கு? புது பெல்ட்டு கொஞ்ச நாள்ல தளரும். தளந்தா தட்டு திசை மாறும்போது ஒரு சின்ன வெட்டு தெரியும். என் பொண்ணுக்கும் ஒண்ணு செய்யலாம்னு இருக்கேன், நோட்டுல எழுதின அளவு எல்லாம் அனுப்பு.


மாடிக்கம்பு, திங்கள் இரவு 9.30

வெட்டு லேசா வருது அண்ணே, நீங்க சொன்னப்புறம்தான் கவனிச்சேன். மோட்டார் மாட்டுற ஓட்டையை நீளவாட்டுல அறுத்தா இழுத்து இறுக்கலாம்னு தோணுது. வர்ற சனிக்கிழமை தட்டோட, நோட்டோட பட்டறைக்கு வர்றேன். பாப்பாவையும் கூப்பிட்டு வெச்சுக்கங்க, தங்கச்சியும் வரேன்னு சொல்றா. உயரம் அளந்து, கண்ணு எந்த மட்டத்துல இருக்கணும்னு அங்கேயே பாத்துடலாம்.